பிள்ளை சட்டத்தரணியானால் வருமானம் எப்போது வரும்?



நான் செய்த ஒரு தவறைத் திருத்திக்கொள்வதற்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

2021ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் நான் வேலை செய்யும் தோட்டத்தில் ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்தது. மேற்பிரிவு லயத்தில் பிறந்து வளர்ந்த ஒரு பெண் பிள்ளை, கொழும்பில் உயர் நீதிமன்றத்தின் முன்னிலையில் சத்தியப்பிரமாணம் செய்து சட்டத்தரணியாகி வந்திருந்தாள். தாய் கொழுந்து பறிப்பவர். தகப்பன் இல்லை. கோயில் மண்டபத்தில் மாலை போட்டோம், பொன்னாடை போர்த்தினோம். நலன்புரி உத்தியோகத்தர் என்ற முறையில் நானும் மைக்கைப் பிடித்து நாலு வார்த்தை பேசினேன். "இன்றோடு இந்தக் குடும்பத்தின் கஷ்டம் தீர்ந்தது" என்று சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

எட்டு மாதம் கழித்து அந்தத் தாய் என்னைத் தேடி வந்தார். மலையிலிருந்து நேரே வந்திருந்தார். படங்குச்சேலைகூட அவிழ்க்கவில்லை.

"ஐயா, ஒரு விசயம் கேக்கணும். புள்ள வக்கீலாகி எட்டு மாசம் ஆச்சு. இன்னும் ஒரு சதம் அனுப்பல. கேட்டா போன்ல அழுவுறா. அங்க ஏதும் தப்பா நடந்திருச்சா ஐயா?"

பேசிக்கொண்டு போகும்போதுதான் முழு விசயமும் தெரிய வந்தது. கூட்டம் முடிந்த கையோடு அந்த அம்மா கடன் வாங்கிக் குசினியைத் திருத்திக் கட்டியிருக்கிறார். தோட்டையும் அடகு வைத்திருக்கிறார். மகள் மாதாமாதம் அனுப்பும் காசில் எல்லாவற்றையும் மீட்டுவிடலாம் என்பது கணக்கு. "நீங்கதானே ஐயா மேடையில சொன்னீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாகச் சுட்டது.

அன்று மாலையே அந்தப் பிள்ளையோடு பேசினேன். ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியின் கீழ் வேலை பழகுகிறாள். அவர் மாதம் 15,000 ரூபா கொடுக்கிறார். அறை வாடகை 9,000. மிச்சத்தில் சாப்பாடு, பஸ், போன். அந்த வருடம் நம்முடைய நாட்சம்பளம் 1000 ரூபா. மாதம் 20 பெயர் விழுந்தால் 20,000 ரூபா. "சேர், அம்மாவோட சம்பளம் என்னோடத விடக் கூட. இத எப்படி நான் அம்மாகிட்ட சொல்றது?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இருக்கவில்லை.

அந்தப் பிள்ளை தவறு ஒன்றும் செய்யவில்லை. அந்தத் தொழில் அப்படித்தான் தொடங்கும். அது தெரியாமல் மேடையில் பேசியது நான். ஆகவே, சட்டத்தரணித் தொழிலின் படிப்பு, சம்பளம், வேலை நேரம், எதிர்காலம் ஆகியவற்றை விசாரித்து அறிந்த மட்டில் இங்கே எழுதுகிறேன். பிள்ளையைச் சட்டம் படிக்க விட வேண்டாம் என்று சொல்வதற்காக அல்ல. கணக்குத் தெரிந்து விடுங்கள் என்று சொல்வதற்காகவே.

சட்டத்தரணி ஆவதற்கு எத்தனை வருடம்?

முன்பு நம் நாட்டில் அட்வகேட், புரொக்டர் என்று இரண்டு வகை வக்கீல்மார் இருந்தார்கள். 1973ஆம் ஆண்டின் சட்டத்துக்குப் பின் எல்லோருக்கும் ஒரே பெயர், சட்டத்தரணி. கடைசியில் உயர் நீதிமன்றத்தில் சத்தியப்பிரமாணம் செய்தால்தான் அந்தப் பெயர் கிடைக்கும். அதற்கு இரண்டு பாதைகள் உண்டு.

முதலாவது, கொழும்பு புதுக்கடையில் உள்ள இலங்கைச் சட்டக் கல்லூரி. உயர்தரத்தில் சித்தியடைந்தவர்கள் இதற்கு நுழைவுப் பரீட்சை எழுத வேண்டும். மொழியறிவு, பொது அறிவு ஆகியவற்றைச் சோதிப்பார்கள். சாதாரண தரத்தில் ஆங்கிலத்துக்கும் தாய்மொழிக்கும் திறமைச் சித்தி கேட்கிறார்கள். ஆகவே சாதாரண தரத்திலேயே ஆங்கிலத்தைக் கைவிட்ட பிள்ளைக்கு இந்தக் கதவு மூடிப்போகும். இதைப் பத்தாம் வகுப்பிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். உள்ளே போனால் மூன்று வருடப் படிப்பு. பிறகு அனுபவமுள்ள ஒரு சட்டத்தரணியின் கீழ் ஆறு மாதம் பயிற்சி. சட்டக் கல்லூரி பல்கலைக்கழகம் போல இலவசம் அல்ல. கட்டணம் கட்ட வேண்டும்.

இரண்டாவது, பல்கலைக்கழகம். இசட் புள்ளி போதுமானால் கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணம் ஆகிய பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்கலாம். நான்கு வருடம். படிப்பு இலவசம். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. திறந்த பல்கலைக்கழகத்திலும் சட்டப் பட்டம் படிக்கலாம், ஆனால் அங்கே கட்டணம் உண்டு. பட்டம் எடுத்தவர்கள் சட்டக் கல்லூரியின் நுழைவுப் பரீட்சை எழுதத் தேவையில்லை. ஆனாலும் அந்தக் கல்லூரியின் பரீட்சைகளையும் பயிற்சியையும் முடித்தால்தான் சத்தியப்பிரமாணம். இதைப் பல பெற்றோர் அறியமாட்டார்கள். சட்டப் பட்டம் மட்டும் கையில் இருந்தால் நீதிமன்றத்தில் எழுந்து பேச முடியாது. காசு வாங்கிக்கொண்டு சட்டப் பட்டம் தருகிற தனியார் நிறுவனங்களில் பிள்ளையைச் சேர்க்கும் முன், "இதை முடித்த பிறகு சத்தியப்பிரமாணத்துக்கு இன்னும் என்ன பாக்கி?" என்று கட்டாயம் கேளுங்கள்.

மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டக் கல்லூரிப் பரீட்சைகளை ஆங்கிலத்தில் மட்டும் நடத்த வேண்டும் என்று 2020ஆம் ஆண்டு வர்த்தமானி ஒன்று வந்தது. 2023ஆம் ஆண்டு பாராளுமன்றம் அதை நிராகரித்தது. அதனால் தமிழில் எழுதும் வழி அடைபட்டுப் போகவில்லை. ஆனாலும் சட்டப் புத்தகங்களும் மேல் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. ஆங்கிலம் இல்லாமல் இந்தத் தொழிலில் தூரம் போக முடியாது.

எல்லாம் தடையில்லாமல் நடந்தால், சட்டக் கல்லூரி வழியாகப் போகும் பிள்ளை 24, 25 வயதில் சத்தியப்பிரமாணம் செய்யும். பல்கலைக்கழக வழி என்றால் 26, 27 ஆகிவிடும். அதுவரை வீட்டுக்குக் காசு வராது. வீட்டிலிருந்துதான் காசு போகும்.

சத்தியப்பிரமாணம் செய்த மறுநாள் என்ன நடக்கும்?

இங்கேதான் நாம் ஏமாந்து போகிறோம். ஆசிரியர் நியமனம் கிடைத்தால் அடுத்த மாதமே சம்பளம் வரும். தாதி உத்தியோகம் என்றாலும் அப்படியே. ஆனால் சட்டத்தரணி என்பது உத்தியோகம் அல்ல, ஒரு தொழிலைச் செய்வதற்கான அனுமதி. யாரும் நியமனக் கடிதம் தரமாட்டார்கள். பஸ் ஓட்ட லைசன்ஸ் எடுத்தவர் போலத்தான். லைசன்ஸ் இருக்கிறது என்பதற்காக யாரும் சம்பளம் தருவதில்லை. பஸ் வேண்டும், ஏறுவதற்கு ஆட்களும் வேண்டும்.

ஆகவே புதிய சட்டத்தரணி செய்யும் முதல் காரியம், ஒரு சிரேஷ்ட சட்டத்தரணியிடம் கனிஷ்டராகச் சேருவது. சீனியர், ஜூனியர் என்று சொல்வார்கள். வழக்குக்கு வருபவர் காசு கொடுப்பது சீனியரிடம். ஜூனியருக்குச் சீனியர் கொடுப்பதுதான் காசு. ஒருவர் மாதாமாதம் ஒரு தொகை கொடுப்பார். இன்னொருவர் வழக்குக்குப் போகும் நாளுக்கு மட்டும் கொடுப்பார். வேறொருவர் மத்தியானச் சாப்பாட்டை மட்டும் வாங்கிக் கொடுத்து, "தொழிலைப் பழகிக்கொள்" என்பார். நமக்கு நாட்சம்பளத்தைத் தீர்மானிக்கச் சம்பள நிர்ணய சபை இருக்கிறது. ஜூனியர் சட்டத்தரணிக்கு அப்படி ஒரு சபை இல்லை.

நமக்குத் தெரிந்த பாஷையில் சொன்னால், இது பெயருக்கு வேலை அல்ல, கைக்காசு வேலை. கொழுந்து நிறுத்தால்தான் காசு. மழை பெய்து மலை ஏறாவிட்டால் காசு இல்லை. அதிலும் முதல் இரண்டு மூன்று வருடம் அடுத்தவர் கூடையில்தான் கொழுந்து விழும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம்முடைய சம்பளத்தில் 8 வீதம் பிடித்து, தோட்டம் 12 வீதம் போட்டு ஊழியர் சேமலாப நிதி சேருகிறது. ஊழியர் நம்பிக்கை நிதிக்கு இன்னும் 3 வீதம். ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தால் சேவைக்காலப் பணம் உண்டு. சீனியரிடம் பழகும் ஜூனியருக்குப் பொதுவாக இவை ஒன்றும் கிடையாது. சுகமில்லை என்று படுத்தால் அன்றைய வருமானமும் படுத்துவிடும். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கில் நீதிமன்ற வேலைகள் முடங்கியபோது இளம் சட்டத்தரணிகள் பலர் கையில் காசில்லாமல் நின்றார்கள். 2022ஆம் ஆண்டு எரிபொருள் இல்லாமல் நாடே வரிசையில் நின்றபோதும் இதே கதைதான். நான் சொன்ன பிள்ளை தொழிலில் கால் வைத்தது அந்த வருடத்தில்தான்.

செலவு மட்டும் நிற்காது. கறுப்புக் கோட்டும் மேலங்கியும் வேண்டும். பெண் பிள்ளைக்கு ஒழுங்கான சேலைகள் வேண்டும், சப்பாத்து வேண்டும். சட்டப் புத்தகங்கள், போட்டோப் பிரதிகள், போன், பஸ் என்று பட்டியல் நீளும். கிழிந்த கோட்டோடு நீதிமன்றம் போக முடியுமா? வீட்டில் சாப்பாடு இல்லாவிட்டாலும் வெளியே மடிப்புக் கலையாமல்தான் நிற்க வேண்டும்.

ஒரு நாள் வேலை எப்படி?

"வக்கீல்னா காலையில கோர்ட்டுக்குப் போய் ரெண்டு வார்த்தை பேசிட்டு மத்தியானம் வீட்டுக்கு வந்துருவாங்க" என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்தப் பிள்ளை ஒரு நாளைச் சொல்லக் கேட்டேன்.

காலை ஏழு மணிக்குச் சீனியரின் அலுவலகம். அன்றைய வழக்குக் கோவைகளை எடுத்து அடுக்க வேண்டும். எந்த வழக்கு எந்த நீதிமன்றத்தில், எது விசாரணை, எது வெறும் தவணை என்று பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்கு முன் நீதிமன்றத்தில் இருக்க வேண்டும். சீனியர் மாவட்ட நீதிமன்றத்தில் நின்றால், நீதவான் நீதிமன்றத்துக்கு ஜூனியர் ஓட வேண்டும். பெயர் கூப்பிடும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலைக்கு இரண்டு மணித்தியாலம் காத்திருப்பதும் உண்டு. மத்தியானத்துக்குப் பின் பதிவாளர் அலுவலகத்தில் பிரதி எடுப்பது, பிணை ஆவணங்கள், கட்சிக்காரருக்கு விளக்கம் சொல்வது. மாலை ஐந்து மணிக்கு மீண்டும் சீனியரின் அலுவலகம். கட்சிக்காரர்கள் வேலை விட்டு வருவது அந்த நேரத்தில்தான். மனுக்கள், சத்தியக்கடதாசிகள் எழுதி முடிய இரவு எட்டு, ஒன்பது ஆகும். பிறகு பஸ். சனிக்கிழமையும் பாதி நாள் வேலை.

நமக்குப் பிரட்டுக்கு நேரம் உண்டு, நிறுவைக்கு நேரம் உண்டு, மேலதிகமாக வேலை செய்தால் அதற்குக் கணக்கு உண்டு. ஜூனியருக்கு மேலதிக நேரக் கொடுப்பனவு என்ற பேச்சே இல்லை. அடுத்த நாள் பெரிய விசாரணை என்றால் அந்த இரவு தூக்கமும் இல்லை.

சில மாதங்களில் இதற்கு மாறாக வேலை குறைந்துவிடும். ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் நீதிமன்ற விடுமுறை வரும். நீதவான் நீதிமன்ற வேலைகள் நடக்கும். ஆனால் காணி, சிவில் வழக்குகள் தள்ளிப்போகும். தள்ளிப்போனால் காசும் தள்ளிப்போகும். சித்திரை வருடப் பிறப்புக்கு மகள் கை நிறையக் காசோடு வருவாள் என்று நாம் எதிர்பார்க்கும் மாதத்தில்தான் அவள் கையில் காசு குறைவு.

பெண் பிள்ளைகளின் பெற்றோர் இரவு நேரப் பயணத்தையும் தங்குமிடத்தையும் முதலிலேயே யோசிக்க வேண்டும். சீனியர் எப்படிப்பட்டவர், அலுவலகத்தில் வேறு பெண்கள் வேலை செய்கிறார்களா, எத்தனை மணிக்கு விடுவார், மாதம் என்ன கொடுப்பார் என்று முதல் நாளே கேட்பதில் வெட்கம் இல்லை. கேட்டால் சீனியர் கோபித்துக்கொள்வார் என்று பயந்து நம் பிள்ளைகள் கேட்பதில்லை. நல்ல சீனியர் கோபிக்கமாட்டார்.

ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது?

கடை திறந்தால் போஸ்டர் ஒட்டலாம், நோட்டீஸ் கொடுக்கலாம். சட்டத்தரணி அப்படிச் செய்ய முடியாது. உயர் நீதிமன்றம் 1988ஆம் ஆண்டு வகுத்த ஒழுக்க விதிகள் தொழிலுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கின்றன. தரகர் வைத்து வழக்குப் பிடிப்பதும் கூடாது. ஒருவர் வழக்கை நன்றாகப் பேசி, அவர் இன்னொருவருக்குச் சொல்லி, அப்படி வாய்வழியாகத்தான் பெயர் பரவ வேண்டும். தேயிலைக் கன்று நட்டவுடன் கொழுந்து பறிக்க முடியுமா? மூன்று நாலு வருடம் பராமரிக்க வேண்டும். அதுவரை புல் வெட்டுவதும் உரம் போடுவதும் செலவுதான். இதுவும் அப்படியே.

அப்பா வக்கீல், மாமா வக்கீல் என்ற வீட்டுப் பிள்ளைக்கு அலுவலகம், புத்தகம், கட்சிக்காரர் எல்லாம் தயாராக இருக்கும். லயத்திலிருந்து போகும் பிள்ளை முதல் தலைமுறை. அதற்குச் சீனியரைத் தேடித் தருவதற்குக்கூட ஆள் இல்லை. ஒரே நாளில் சத்தியப்பிரமாணம் செய்த இருவர், ஐந்து வருடம் கழித்து இரண்டு இடத்தில் நிற்பது இதனால்தான். இதைப் பிள்ளையின் கெட்டித்தனக் குறைவு என்று நாம் எடுத்துக்கொள்ளக் கூடாது.

பிறகு வழி இருக்கிறதா? இருக்கிறது

முதல் ஐந்து வருடத்தைத் தாண்டினால் நிலைமை மாறுகிறது. சொந்தமாக வழக்கு எடுப்பவர்களுக்கு வருமானம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். நொத்தாரிசாகவும் பதிவு செய்துகொண்டால் காணி உறுதி எழுதலாம். வழக்கு இல்லாத மாதத்திலும் உறுதி வேலை கைகொடுக்கும்.

எல்லோரும் நீதிமன்றத்தில் பேச வேண்டும் என்றும் இல்லை. மாதச் சம்பளம் கிடைக்கும் வேலைகளும் உண்டு. அமைச்சுகள், திணைக்களங்கள், கூட்டுத்தாபனங்களில் சட்ட உத்தியோகத்தர் பதவிகள் இருக்கின்றன. வங்கிகளும் காப்புறுதிக் கம்பனிகளும் சட்டத்தரணிகளை வேலைக்கு எடுக்கின்றன. 1978ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, வசதியில்லாதவர்களுக்காக வழக்குப் பேசச் சட்டத்தரணிகளை நியமிக்கிறது. சட்டமா அதிபர் திணைக்களத்தில் அரச சட்டவாதி ஆகலாம். சில வருட அனுபவத்துக்குப் பின் பரீட்சை எழுதி நீதிச் சேவையில் சேர்ந்து நீதவான் ஆகலாம். இவற்றுக்குப் போட்டி கடுமை. ஆனால் நியமனம் கிடைத்தால் மாதச் சம்பளமும் மற்ற உரிமைகளும் உண்டு. வீட்டில் கடன் இருக்கும் பிள்ளை, முதலில் மாதச் சம்பள வேலை ஒன்றைப் பிடித்துக்கொள்வதில் தவறில்லை. "கோர்ட்டுக்குப் போகாத வக்கீல் என்ன வக்கீல்" என்று நாம் கேலி செய்யாமல் இருந்தால் போதும்.

நம் பிள்ளைகளுக்கு ஒரு தனிப் பலமும் உண்டு. மலையகத்து நீதிமன்றங்களில் வழக்கு பெரும்பாலும் சிங்களத்தில் நடக்கிறது. நீதிமன்ற மொழி தெரியாதவருக்குத் தன் மொழியில் மொழிபெயர்ப்புப் பெறும் உரிமையை அரசியலமைப்பு கொடுத்திருக்கிறது. உரிமை இருந்தாலும், கூண்டில் நிற்கும் நம் ஆளுக்குத் தன் வழக்குக்கு என்ன நடந்தது என்று தெரியாமல், "தவணையா, தண்டனையா?" என்று வாசலில் நிற்பவரைக் கேட்கும் காட்சியை நான் பல முறை பார்த்திருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் தெரிந்து, லயத்து வாழ்க்கையும் தெரிந்த ஒரு சட்டத்தரணிக்கு இங்கே வேலை குறையாது. தொழில் நியாய மன்றில் வேலைநீக்க வழக்கு, சேமலாப நிதிப் பிரச்சினை, சேவைக்காலப் பணம், பிள்ளைத் தாபரிப்பு, வீட்டுக் காணி உறுதி எல்லாம் நம் வாசலில் கிடக்கும் வேலைகள்தான்.

சட்டம் நமக்குத் தூரமான விசயம் என்று யாரும் சொல்ல முடியாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்கள் ஆக்கியது. வாக்குரிமைக்காக அப்போது போட்ட வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை போய் 1953ஆம் ஆண்டு தோற்றது. மிச்சமிருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த சட்டம் வந்தது 2003ஆம் ஆண்டில்தான். ஒரு சட்டத்தால் இழந்ததை இன்னொரு சட்டத்தால் பெற 55 வருடம் போனது. சட்டம் படித்த பிள்ளைகள் நமக்குள் இருப்பது வீட்டு வருமானத்துக்கு மட்டும் உரிய காரியம் அல்ல.

பெற்றோர் செய்ய வேண்டியது

முதலாவது, சத்தியப்பிரமாணத்தை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். குசினி இன்னும் மூன்று வருடம் காத்திருக்கட்டும்.

இரண்டாவது, படிப்புச் செலவோடு, படிப்பு முடிந்த பின் மூன்று வருடச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். சீட்டுப் போடுவதானால் அந்த வருடங்களில் கைக்கு வருவது போலப் போடுங்கள். மூத்த பிள்ளை சட்டம் படிக்கும்போது இளைய பிள்ளையின் படிப்பை அதன் தலையில் கட்டிவிடாதீர்கள்.

மூன்றாவது, பிள்ளையிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். "எவ்வளவு அனுப்புவ?" என்று கேட்பதற்கு முன் "அங்க சாப்பிடுறியா?" என்று கேளுங்கள். காசு இல்லை என்று வீட்டில் சொல்ல முடியாத பிள்ளைதான் தொழிலைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறது. அப்படிப் போனால் ஏழெட்டு வருடப் பாடு வீண்.

நான்காவது, இது எல்லோருக்கும் பொதுவானது. தோட்டத்துப் பிள்ளை சட்டத்தரணியாகிவிட்டால், "நம்ம புள்ளதானே, அதுக்கென்ன காசு?" என்று ஒரு பழக்கம் நம்மிடம் உண்டு. அறிமுகமில்லாத சட்டத்தரணிக்கு நகையை அடகு வைத்தாவது கொடுக்கிறோம். நம் பிள்ளைக்கு ஒரு பிளேன்டியோடு முடித்துவிடுகிறோம். அது அவள் வயிற்றில் அடிப்பது. குறைத்துக் கொடுங்கள், தவணை முறையில் கொடுங்கள், ஆனால் கொடுங்கள். கொடுக்க முடியாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஒன்று. சட்டம் படிப்பது பேச்சுப் போட்டியில் பரிசு வாங்குவது போல அல்ல. வாசிக்கப் பொறுமை வேண்டும். காத்திருக்கப் பொறுமை வேண்டும். முதல் வருடங்களில் மாலை வகுப்பு எடுத்தோ, மொழிபெயர்ப்புச் செய்தோ கொஞ்சம் சம்பாதிக்கலாம். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் இன்றே தொடங்குங்கள்.

கடைசியாக அந்தப் பிள்ளையைப் பற்றி. அன்று அவளுடைய கணக்கை நானே தாயிடம் விளக்கினேன். தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா, நான் புள்ளய போன்ல அப்படிக் கேட்டிருக்க மாட்டேனே ஐயா" என்றார். அடகு மீட்க இரண்டு வருடம் ஆனது. மீட்டது தாயின் கைக்காசில். மகள் 2023ஆம் ஆண்டு மலையகத்து நகரம் ஒன்றுக்கு வந்து, அங்கே ஒரு சீனியரோடு சேர்ந்தாள். அடுத்த வருடம் தன் பெயரில் எடுத்த முதல் வழக்கு, ஓய்வு பெற்ற ஒரு தொழிலாளியின் சேவைக்காலப் பணம் பற்றியது. இப்போது மாதாமாதம் வீட்டுக்குக் கொஞ்சம் வருகிறது. பெரிய தொகை அல்ல. ஆனால் நிற்காமல் வருகிறது.

போன மாதம் பஸ் நிலையத்தில் அவளைக் கண்டேன். கையில் கோவைக் கட்டு. "சேர், அன்னைக்கு மேடையில சொன்னத இன்னும் வாபஸ் வாங்கல நீங்க" என்று சிரித்தாள். "எங்க வாங்குறது?" என்று கேட்டேன். "நம்ம பத்திரிகையில எழுதுங்க சேர். அடுத்த வருசம் ரெண்டு புள்ளைங்க சட்டக் கல்லூரிக்குப் போகப் போறாங்க. அவங்க அம்மா அப்பாவுக்குத் தெரியணும்" என்றாள்.

எழுதிவிட்டேன். சட்டம் படிக்க விரும்பும் பிள்ளைகள் சாதாரண தரப் பெறுபேற்றோடு தாய் தகப்பனையும் கூட்டிக்கொண்டு உங்கள் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தரிடம் வாருங்கள். ஒரு கொப்பியும் பேனையும் கொண்டுவாருங்கள். முதலில் கணக்கை எழுதுவோம். மாலையும் பொன்னாடையும் பிறகு இருக்கட்டும்.